‘இல்லை’களால் எழுந்த வீடு

முதல் ‘இல்லை’க்கு அஸ்திவாரம் வந்தது.

வீட்டுக் கடன் ஆபீசிலிருந்து டவுன் பஸ்ஸில் திரும்பிய துளசிமணி, நேரே வீட்டுக்குப் போகப் பிடிக்காமல், ஊருக்கு வெளியே செல்வ விருத்தி நகரில் இறங்கினாள். பனியன் கம்பெனிச் சம்பளத்தில் பல வருஷம் தவணை கட்டி வாங்கிய தன் இரண்டு சென்ட் சைட்டின் முன்னால் நின்று அதை நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போகலாம் என்று நடந்தாள். காலையில் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தபோதுகூட வெறும் சோளத்தட்டையும் மஞ்சள் அடித்த எல்லைக்கல்லும் இருந்த இடத்தில், கருங்கல் அஸ்திவாரம் ஒன்று மட்டம் பிசகாமல், பூச்சின் ஈரம் காயாமல் இருந்தது. ஒரு முறை சுற்றி வந்தாள். உட்கார வாகான உயரமாக இருந்ததால் அதன் மேலேயே உட்கார்ந்து, திட்ட வந்ததை மறந்து கொஞ்சம் அழுதுவிட்டு, அடுத்த பஸ் ஏறினாள்.

“ஏனுங்க, நம்ம சைட்டுல அஸ்திவாரம் வந்திருக்குது,” என்றாள் கணவனிடம்.

மருதாசலம் கட்டிங் மாஸ்டராக இருந்தவன். முதுகில் இரண்டு ஆபரேஷன் ஆன பிறகு, லைன் வீட்டின் ஒற்றை அறையில் சுவரில் சாய்ந்து பனியன்களுக்குப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தான். கத்தரியை நிறுத்தாமல் கேட்டான்.

“நம்ம அளவுக்குள்ளதான?”

“நம்ம அளவுக்குள்ளதான்.”

“வாசல்?”

“கெழக்க பாத்து.”

“அப்பச் சரி,” என்றான். பிறகுதான், “கடன் என்னாச்சு?” என்று கேட்டான்.

கடன் ஆகவில்லை. ஆகியே தீரவேண்டிய கட்டாயம் இருந்தது. நாங்கள் எல்லோரும் குடியிருந்த லைன் வீடுகளை இடித்து நூல் குடோன் கட்டப்போவதாக வீட்டுக்காரர் நாச்சிமுத்து சொல்லிவிட்டார். ஐப்பசி மழைக்கு முன்னால் காலி செய்ய வேண்டும். வேறு இடத்தில் வீட்டுக்காரர்கள் கேட்கும் அட்வான்ஸைக் கொடுக்க எங்களில் யாருக்கும் வழியில்லை. துளசிமணிக்கு இருந்ததெல்லாம் அந்த இரண்டு சென்ட், சீட்டுப் போட்டுச் சேர்த்த கொஞ்சம் பணம், கணவனின் முதுகெலும்பை நிமிர்த்த வாங்கிய கடன்கள், இவ்வளவுதான்.

கடன் ஆபீசின் மேனேஜர் தினகர் இளவயசுக்காரன். கழுத்தில் அட்டை தொங்கும். குரல் பஞ்சால் துடைப்பது போல இருக்கும். பஞ்சால் துடைக்கிறார்கள் என்றால் அடுத்து ஊசிதான் என்பது எங்களுக்குத் தெரியாதா?

“மேடம், உங்களுக்கு ஏற்கெனவே நகைக்கடன் இருக்கு, குழுக்கடன் இருக்கு, ஆஸ்பத்திரிக்கு வாங்கினது இருக்கு. அதையெல்லாம் முடிச்சிட்டு வாங்க. இப்போதைக்கு இல்லை.”

அவன் சொன்னதை நம்பி, வீட்டுக்கென்று வைத்திருந்த சீட்டுப் பணத்தை எடுத்துக் கடனை எல்லாம் அடைத்தாள். அடைத்த ரசீதுகளை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, நல்ல மார்க் வாங்கிய பிள்ளை மாதிரி இரண்டாம் முறை போனாள். தினகர் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சிரித்தான்.

“கடன் இல்லை. வெரி குட் மேடம். உங்க பங்குப் பணம் எங்கே? வீட்டுச் செலவுல அஞ்சுல ஒரு பங்கு நீங்க கையிலிருந்து போடணுமே.”

“அதைத்தானுங்க சார் கடனுக்குக் கட்டிப்போட்டேன். நீங்கதானுங்களே கட்டச் சொன்னீங்க.”

“கடனை முடிக்கச் சொன்னேன் மேடம். சேமிப்பைக் கரைக்கச் சொல்லலையே. இல்லை, முடியாது.”

அன்றைக்கு ஜன்னல் உயரத்துக்குச் சுவர் வந்தது.

மூன்றாம் முறை அவள் தந்திரம் செய்தாள். தந்திரம் என்றால், அவனே கற்றுக்கொடுத்ததை அப்படியே திருப்பிச் செய்தாள். குழுவில் மறுபடி கடன் வாங்கி, கைப்பணம் இருக்கிறது என்று காட்டுவதற்காகப் பேங்கில் போட்டாள். “இது போன வாரம் விழுந்த பணம் மேடம். இது உங்க காசே இல்லையே. அதோட இப்ப மறுபடியும் கடன் வேற இருக்கு,” என்றான் தினகர், உண்மையாகவே வருத்தப்படுகிறவன் முகத்தோடு. கடன் இருந்தால் கிடையாது, கடனை அடைத்தால் காசு கிடையாது, காசு காட்டினால் கடன். உரலில் கட்டிய கன்றுக்குட்டி மாதிரி அவளைச் சுற்றவிட்டு, கால் சிக்கி அவள் விழுந்ததும், நடக்கத் தெரியவில்லை மேடம் என்றும் அவனே சொன்னான்.

அந்த மூன்றாவது ‘இல்லை’க்கு நிலைக்கதவு வந்தது, மஞ்சள் குங்குமம் வைத்தபடியே. ஜன்னல்கள் வந்தன, கம்பியில் மயில் வளைத்து. சுவர் நிலைக்கு மேலே ஏறி, கூரைக்குக் காத்துக்கொண்டு நின்றது.

“எனக்கு மயில் பிடிக்காதுன்னு அவனுகளுக்குத் தெரியாது பாருங்க,” என்றாள் துளசிமணி.

“செலவில்லாம வந்த மயிலு. இருந்துட்டுப் போகுது,” என்றான் மருதாசலம்.

எப்படி வந்தது என்று எங்கள் லைனில் யாரும் கேட்கவில்லை. கொத்தனார் கறுப்பண்ணன் வந்து சுவரைத் தட்டிப் பார்த்து, “சூளை செங்கல்தான், சிமெண்டுல கை வைக்கல, நான் கட்டியிருந்தா இத்தனை போட்டிருக்க மாட்டேன்,” என்று நேர்மையாகச் சொன்னார். கோயில் நோன்புக்கு வரி வாங்க வருகிறவர்கள், குடித்தனக்காரி என்று இதுவரை பாதி வரி வாங்கியவர்கள், இனி வீட்டுக்காரி ஆயிற்றே என்று முழு வரி கேட்டார்கள். ஊராட்சி ஆபீசிலிருந்து வந்தவர் கூரை இல்லாத வீட்டுக்கு என்ன வரி போடுவது என்று தலையைச் சொறிந்துவிட்டு, சுவருக்கு மட்டும் போட்டுக்கொண்டு போனார். யாரோ ஒரு புண்ணியவான் திருஷ்டி பொம்மை கட்டிவிட்டான். அதிசயத்துக்கு நாங்கள் கொடுத்த மரியாதை இவ்வளவுதான். எங்களுக்கு அதிசயமாக இருந்தது வேறு. நாள் முழுக்க நின்றுகொண்டு உழைக்கிற ஒருத்திக்கு நாலு சுவர் வேண்டும் என்றால், இத்தனை பேர் கூடி ஏன் வேண்டாம் என்கிறார்கள் என்பதுதான்.

பக்கத்து வீட்டு ரங்கநாயகி, ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிறவள், வாயும் அதே வேகத்தில் ஓடும், அவள்தான் கணக்கைக் கண்டுபிடித்தாள்.

“அட, அவன் ஒவ்வொருக்கா முடியாதுங்கறப்பவும் உனக்குச் செவுரு ஏறுது புள்ள. இது தெரியாம அவன்கிட்டப் போயி அழுதுட்டு வர்றயே. சிரிச்சுட்டு வா.”

எங்கள் லைனில் பலருக்கும் அதே நகரில் சைட் இருந்தது. அன்றிலிருந்து எல்லோரும் மறுக்கப்படுவதற்காகக் கிளம்பினோம். அதுவரை முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்த கடன்களுக்கு ஒரு கௌரவம் வந்தது. குழாயடியில், “எனக்கு மூணு எடத்துல இருக்குதாக்கும்,” என்று ஒருத்தி சொன்னால், “அதென்ன பெரிய கடனு, என் வீட்டுக்காரன் வாங்குன போனுக்கே நான் கட்டிட்டிருக்கறேன்,” என்று இன்னொருத்தி முந்திக்கொண்டாள். சேமிப்பு வைத்திருந்தவர்கள் வெட்கப்பட்டார்கள். மறுக்கப்படுவது எப்படி என்று சொல்லித்தர ஒரு புரோக்கர்கூட வந்தான். எங்களுக்கு எதற்குப் புரோக்கர்? பிறந்ததிலிருந்து அந்தத் தொழிலில்தானே இருக்கிறோம் என்று துரத்திவிட்டோம். போனவர்கள் எல்லோரும் வெற்றியோடு திரும்பினார்கள். செல்வ விருத்தி நகரில் மஞ்சள் கல் இருந்த இடமெல்லாம் அஸ்திவாரம் எழுந்தது, சிலருக்குச் சுவரும் எழுந்தது.

ரங்கநாயகி மட்டும் ஒரு தப்புச் செய்தாள். ஆபீஸ் என்றால் நல்ல சேலைதான் கட்டிக்கொண்டு போகவேண்டும் என்று எங்கள் எல்லோருக்கும் ஒரு பழக்கம், துணிமணியைப் பார்த்துத்தான் வாசல்காரன் உள்ளேயே விடுவான் என்று பட்டுத் தெரிந்த பழக்கம். அந்தப் பழக்கத்தில் அவள் அக்காவின் இரட்டைவடச் சங்கிலியையும் வாங்கிப் போட்டுக்கொண்டு போனாள். அவள் பேரில் இதுவரை கடனே இல்லை, எல்லாம் புருஷன் பேரில். தினகர் சங்கிலியைப் பார்த்தான், கம்ப்யூட்டரைப் பார்த்தான், கை கொடுத்தான்.

அவளுக்குக் கடன் கிடைத்துவிட்டது.

ஒப்பாரி வைக்காத குறைதான். பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே தலையில் கை வைத்துக்கொண்டு வந்தாள். நாங்கள் வாசலில் பாய் விரித்து உட்கார்ந்து, இழவு வீட்டில் போலப் பால் விடாத வறக்காப்பி வைத்து எல்லோருக்கும் கொடுத்தோம். வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, “எத்தன வருஷத்துக்கு?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார்கள். “இருவது,” என்றாள் அவள். “அய்யோ, உன்ற பையன் பிள்ளை பெத்திருப்பான் அப்ப,” என்றார்கள். அவளுடைய சைட்டில் ஒரு செங்கல்கூட வரவில்லை. புல்தான் வளர்ந்தது.

ஆனால் இத்தனை பேர் சிரித்துக்கொண்டே திரும்பிப்போவது தினகருக்கு உறுத்தியது. ஒரு நாள் பைக்கில் வந்து பார்த்தான். எங்கள் சுவர்களைப் போட்டோ எடுத்து மேலிடத்துக்கு அனுப்பினான். அதற்குப் பிறகு அந்த ஆபீசில் ‘இல்லை’ என்ற சொல்லே நின்றுபோனது.

“சார், எனக்குக் கடன் உண்டுங்களா, இல்லீங்களா?” என்று துளசிமணி கூரைக்காகப் போய் நின்றபோது, “பரிசீலனையில் இருக்கு மேடம்,” என்றான்.

“இல்லைன்னா இல்லைன்னு சொல்லிப்போடுங்க.”

“அப்படிச் சொல்ல முடியாது மேடம். உங்க அப்ளிகேஷன் நல்லாப் போயிட்டிருக்கு.”

பரிசீலனைக்கு ஒரு செங்கல் வருமா? வராது. மறுநாளும் போனாள். மறுநாளும் நல்லாப் போயிட்டிருந்தது. முகத்துக்கு நேரே கதவைச் சாத்துகிறவனையாவது இன்னான் என்று சொல்லலாம். கதவைச் சாத்தாமலும் திறக்காமலும் கையில் பிடித்துக்கொண்டு சிரிக்கிறவனை என்ன சொல்வது? செல்வ விருத்தி நகர் முழுக்க வானத்தைப் பார்த்து வாயைத் திறந்தபடி வீடுகள் நின்றன.

ஐப்பசி பிறந்தது. நாச்சிமுத்து ஆள் விட்டு லைன் வீட்டு அட்டைக் கூரையைப் பிரித்தார். மருதாசலத்தைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போய், மயில் ஜன்னல் ஓரம் தார்ப்பாய் கட்டி அடியில் படுக்க வைத்தோம். முதல் மழைக்கே தார்ப்பாய் வயிறு தொங்கி ஒரு மூலையில் பிய்த்துக்கொண்டு கொட்டியது. ஆபரேஷன் பண்ணிய முதுகு ஈரத்தில் ஊறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, “ஒண்ணுமில்ல புள்ள, குத்தாலத்துக்குப் போனாப்பல இருக்குது,” என்றான். துளசிமணி சிரிக்கவில்லை. குண்டாவால் தண்ணீரை அள்ளி ஜன்னல் வழியாக வீசிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு குண்டாவையும் யார் முகத்திலோ வீசுவது போல வீசினாள்.

மழை விட்ட காலையில் தினகர் வந்தான். கூடவே பெயின்ட் டப்பாவோடு ஒரு ஆள். டேப் பிடித்து நீளம் அகலம் அளந்தார்கள். ரோட்டைப் பார்த்த சுவரில், அவள் கேட்கக் கேட்க, தங்கள் கம்பெனியின் பெயரை எழுதி, ‘இந்தச் சொத்து எங்களிடம் அடமானத்தில் உள்ளது’ என்று சிவப்பில் கீழே எழுதினார்கள்.

“என்னுங்க சார் இது?”

“வாழ்த்துக்கள் மேடம். உங்களுக்குக் கடன் சாங்ஷன். முன்னாடி உங்ககிட்ட ஒண்ணும் இல்லை. இப்பத்தான் இவ்வளவு பெரிய சொத்து இருக்கே. கூரைக்குப் பணம் தர்றோம். வீடு மட்டும் எங்க பேர்ல அடமானம். உங்க பழைய கடனால வட்டி கொஞ்சம் கூட. இங்க சுவர் நிக்கற எல்லாருக்கும் சாங்ஷன். திங்கக்கிழமை வந்து கையெழுத்துப் போட்டிருங்க.”

அவன் கொடுக்க மறுத்து மறுத்து எழுந்த சுவர் அது. அதில் அவனே தன் பெயரை எழுதிவிட்டு வாழ்த்தும் சொல்லிவிட்டுப் போனான். துளசிமணி அன்று முழுக்க அந்தச் சிவப்பு எழுத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஈரத்துணிகளைப் பிழிந்து பிழிந்து காயப்போட்டாள். ரங்கநாயகிதான் பயந்துபோய், “திட்டிருடி, வாய்விட்டுத் திட்டிரு, உள்ள வச்சுக்காத,” என்றாள்.

“வச்சுக்கறேன்க்கா,” என்றாள் துளசிமணி. “திங்கக்கெழம வேணும்.”

திங்கட்கிழமை நாங்கள் எல்லோரும் போனோம். போய், குழுக் கூட்டத்தில் உட்காருவது போல உட்கார்ந்தோம். குழுக்கடன் வாங்கியவர்களுக்குத் தெரியும் அந்த உட்காரல். வாரா வாரம் வரிசையாகத் தரையில் உட்கார வேண்டும். எல்லோருடைய தவணையும் வந்து சேரும்வரை, கட்டியவள்கூட எழுந்திருக்கக் கூடாது. ஒருத்தி கட்டவில்லை என்றால் அவள் புரட்டிக்கொண்டு வரும்வரை அடுப்பு அணைந்தாலும் பிள்ளை அழுதாலும் எல்லோரும் உட்கார்ந்தே இருக்க வேண்டும். எங்களை அவமானப்படுத்த அவர்கள் பழக்கிய பழக்கம். அதில் நாங்கள் இப்படித் தேறிப்போவோம் என்று அவர்கள் நினைக்கவில்லை.

தினகர் கண்ணாடி அறையிலிருந்து எட்டிப் பார்த்தான். “ஏன் கீழ உக்காந்திருக்கீங்க? சேர் இருக்கே.”

“பழக்கமுங்க,” என்றாள் துளசிமணி.

“சரி. துளசிமணி மேடம், முதல்ல நீங்க. இங்க ஒரு கையெழுத்து.”

“வேண்டாமுங்க.”

“என்ன?”

“உங்க கடன் எனக்கு வேண்டாம்.”

அவன் அறை வாசலில் ஒரு வரிசை செங்கல் வந்து உட்கார்ந்தது. சூளைச் செங்கல், நடுவில் ஈரச் சிமெண்ட். அவன் அதைப் பார்த்தான். நாங்களும் பார்த்தோம். மறுக்கப்பட்டவர்களுக்குச் சுவர் வரும் என்பது எங்களுக்குப் பழைய விஷயம். அவனுக்குத்தான் புதுசு, அவனை இதுவரை யாரும் மறுத்ததில்லை.

அடுத்தவள் வேண்டாம் என்றாள். அதற்கடுத்தவள் வேண்டாம் என்றாள். செங்கல் முழங்காலுக்கு ஏறியது. “அவசரப்படாதீங்க, வட்டியில அரை பர்சன்ட் குறைக்கறேன்,” என்றான். வேண்டாம் என்றோம். “பிராசசிங் பீஸ் வேண்டாம்.” அதுவும் வேண்டாம் என்றோம். “சரி, ஒரு பர்சன்ட்!” வயிறு வரை வந்தது. ஏலக்காரன் மாதிரி அவன் இறங்கி இறங்கி வந்தான், சுவர் ஏறி ஏறிப் போனது. ரங்கநாயகி எழுந்து, “எனக்குக் குடுத்த கடனும் வேண்டாம், எடுத்துக்க!” என்று கத்தினாள். அவள் குரலுக்கு மட்டும் இரண்டு வரிசை ஏறியது.

தாண்டிக் குதித்து வெளியே வந்திருக்கலாம் அவன். ஆனால் அவன் சுவரைப் பார்க்கவில்லை, எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், யாராவது ஒருத்தி தலையசைத்துவிட மாட்டாளா என்று. கழுத்துவரை வந்தபோதும், “உங்க கோரிக்கையைப் பரிசீலிக்கிறோம்,” என்றான்.

துளசிமணி எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள். “எம் புருசன் முதுகு நனைஞ்சு கெடக்குது சார். நான் உங்ககிட்டப் பிச்சை கேக்கல. கேட்டப்பெல்லாம் வேலை செஞ்சு கட்டறேன்னுதான் சொன்னேன். நீங்க என்னை எத்தனை தரம் நடக்க வச்சீங்க? கடனை அடைன்னீங்க, அடைச்சேன். காசு காட்டுன்னீங்க, காட்டுனேன். ஒரு தரமாச்சும் நான் பொய் சொன்னேனா? இனி உங்க பணமும் வேண்டாம், வாழ்த்தும் வேண்டாம், வட்டிக் கொறப்பும் வேண்டாம். எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. அதைச் சொல்லுங்க. சொல்ற வரைக்கும் எந்திரிக்க மாட்டோம்.”

மூன்று வேண்டாம்களுக்கும் செங்கல் ஏறி, மேலே ஒரு கை நுழையும் சந்துதான் மிச்சம் இருந்தது. உள்ளே போன் அடித்து ஓய்ந்தது. சந்து வழியாக ஒரு குரல் வந்தது. முதல் முறையாக அதில் பஞ்சு இல்லை. எங்களைப் போலவே தொண்டை கட்டிய, எங்களைப் போலவே கோபம் வந்த ஒரு குரல்.

“கிடையாது! உங்களுக்குக் கடன் இல்லை! ஒருத்திக்கும் கிடையாது! போங்கடி வெளிய!”

நாங்கள் எழுந்தோம். சேலையைத் தட்டிக்கொண்டோம். “நன்றிங்க சார்,” என்றாள் துளசிமணி, மனசாரவே சொன்னாள். பக்கத்துக் கட்டட வேலையிலிருந்து வாசலுக்கு வேடிக்கை பார்க்க வந்திருந்த கொத்தனார் கறுப்பண்ணனைப் பார்த்து, உள்ளே ஒருத்தர் மாட்டிக்கொண்டிருக்கிறார், உடைத்து எடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தோம். அவர் கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு சந்து வழியாகக் கேட்டது பஸ் ஸ்டாப் வரைக்கும் காதில் விழுந்தது: “கூலி கையிலயா சார், பரிசீலனையிலயா?”

செல்வ விருத்தி நகரில் இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ரங்கநாயகியின் சைட்டில் இன்னும் புல்தான், ஆனால் புல்லுக்கு நடுவில் ஒரு அஸ்திவாரம் தெரிந்தது. சுவர் நின்ற வீடுகளுக்கெல்லாம் தளம் வந்திருந்தது. துளசிமணி ஓடவில்லை. நனைந்துகொண்டே நடந்து போய்த் தன் வாசலில் நின்று உள்ளே பார்த்தாள். மருதாசலம் காய்ந்த துணியில், காய்ந்த கட்டிலில், வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். எத்தனையோ வாரத்துக்குப் பிறகு அவன் முகம் கோணாமல் இருந்தது. அவள் தூக்கம் கலையாமல் அவன் முதுகைத் தொட்டுப் பார்த்தாள். சூடாக, காய்ந்து இருந்தது.

வெளியே வந்து, இடுப்பில் கை வைத்து, மழைத்தண்ணீர் முகத்தில் வழிய அண்ணாந்து தளத்தை ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை பார்த்தாள். நாங்கள் அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தோம்.

“தண்ணி போறதுக்குத் தூம்பு வைக்கல பாருங்கக்கா,” என்றாள். “ஒரு ‘இல்லை’யைக்கூட உருப்படியாச் சொல்லத் தெரியல இவனுகளுக்கு.”